வானூர்தித் தளமும் தோட்டங்களும்

முன்னுரை

நிலம் ஓரிடத்திலேயே நிற்கிறது. அதன் பெயரும் பயனும் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகின்றன. காடு கழனியாகிறது, கழனி தோட்டமாகிறது, தோட்டம் நகரமாகிறது. கரிகாற்பெருவளத்தான் காட்டைத் திருத்தி நாடாக்கிய பெருமையைப் பட்டினப்பாலை பேசுகிறது. மன்னன் பெயர் பாட்டில் நின்றது. கோடரி ஏந்தியவர்களின் பெயர்கள் நிற்கவில்லை. மலாயாவின் வரலாற்றிலும் இந்நிலையைக் காணலாம். இரப்பர்த் தோட்டங்களைத் திறந்த கம்பெனிகளின் பெயர்கள் ஆவணங்களில் உள்ளன. அக்காடுகளை வெட்டித் திருத்திய தமிழர்களின் பெயர்கள் பெரும்பாலும் சம்பளப் புத்தகங்களோடு மறைந்து போயின.

கோலாலம்பூரின் பழைய விமான நிலையமாகிய சுங்கை பீசித் திடலைப் புதுநகரமாக்கும் திட்டம் மலேசிய வரலாற்றில் ஒரு முக்கிய நிகழ்ச்சி. அத்திடலில் இருந்த விமானப்படைத் தளத்திற்கு மாற்றிடமாக அமைந்தது நெகிரி செம்பிலானின் செண்டாயான் வட்டாரம். தலைநகரில் ஒரு திடலைக் காலி செய்வதற்காகத் தெற்கே வேறொரு மண்ணின் முகம் மாறியது. அந்த இடமாற்றத்தில் பின்பற்றப்பட்ட நெறிமுறை, தோட்டத் தமிழர் இடம்பெயர்ந்தபோது ஏன் பின்பற்றப்படவில்லை என்னும் வினாவே இக்கட்டுரையின் உட்பொருளாகும்.

சுங்கை பீசித் திடல்

சுங்கை பீசி என்னும் மலாய்ப் பெயருக்கு ‘இரும்பாறு’ என்பது பொருள். ஆயினும் அவ்வட்டாரத்திற்குப் புகழ் தந்தது இரும்பன்று, ஈயமே. அங்கே தோண்டப்பட்ட பெரும் ஈயச் சுரங்கம் ஒன்று பிற்காலத்தில் ஏரியாகி, உல்லாச விடுதிகளும் கடைத்தொகுதியும் சூழ்ந்த இடமாயிற்று. ஈய நிலத்தை அடுத்திருந்த சமவெளியில் அமைந்தது விமானத் திடல். இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே அது பயன்பாட்டில் இருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை வடக்கிலிருந்து இறங்கி வந்தபோது, ஆஸ்திரேலியாவின் 453ஆம் விமான அணி கோலாலம்பூரிலிருந்து எழுந்து போரிட்டது. 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் ஜப்பானியர் வசமாயிற்று.

போருக்குப் பின்னர் 1947 மே முதல் நாளில் மலாயன் ஏர்வேஸ் நிறுவனம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய நகரங்களுக்கு முறையான சேவையைத் தொடங்கியது. 1952இல் சுங்கை பீசி நாட்டின் தலைமை விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை இத்திடலைத் தன் நடவடிக்கைகளுக்குப் பயன்படுத்தியது. காட்டுக்குள் இருந்த படையினருக்கு உணவும் மருந்தும் கொண்டு சென்ற விமானங்கள் இங்கிருந்து எழுந்தன. அதே காலத்தில் தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்கள் ஒன்றுகூட்டப்பட்டு முள்வேலிக்குள் வைக்கப்பட்டன என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. வானிலிருந்தும் தரையிலிருந்தும் அந்தப் போர் தோட்ட மக்களின் வாழ்வைத் தொட்டது.

1958இல் மலாயாவின் அரச விமானப்படை தோன்றியது. சுங்கை பீசி அதன் தொட்டிலாகிப் பின்னர் அதன் முக்கியத் தளமாயிற்று. 1965 ஆகஸ்டு 30ஆம் நாள் சுபாங்கில் புதிய அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டதும், பயணிகள் விமானங்கள் சுங்கை பீசியை விட்டு நீங்கின. விமானப்படை மட்டும் அங்கேயே நிலைபெற்றது. 1998 ஜூன் மாதத்தில் சிப்பாங்கில் மூன்றாம் நிலையம் திறக்கப்பட்டபோது, நகரம் தெற்கு நோக்கி நகர்வது உறுதியாயிற்று. ஒரு காலத்தில் ஊர்ப்புறமாக இருந்த சுங்கை பீசித் திடல், இப்போது மாநகரின் நடுவே விலையுயர்ந்த வெற்றிடமாகக் காட்சியளித்தது.

தோட்டத் தமிழரின் முதல் தலைமுறை இந்நாட்டிற்கு வந்தது வானூர்தியில் அன்று. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கி வந்தவர்கள் அவர்கள். ‘ரஜூலா’ என்ற கப்பலின் பெயர் இன்றும் முதியோர் நாவில் உண்டு. பால்மரங்களுக்கு மேலே பறந்து சென்ற விமானம் அவர்களுக்கு வேற்றுலகக் காட்சி. அந்த வேற்றுலகமே பின்னாளில் தங்கள் மண்ணின் விதியை மாற்றும் என்பதை அவர்கள் எண்ணியிருக்க வழியில்லை.

பிற நாடுகளின் பழைய திடல்கள்

பழைய விமானத் திடலை நகரமாக்குவது மலேசியாவுக்கே உரிய புதுமையன்று. சிங்கப்பூரின் காலாங் நிலையம் 1937இல் திறக்கப்பட்டு 1955இல் மூடப்பட்டது. அந்நிலத்தில் பூங்காவும், 1973இல் தேசிய விளையாட்டரங்கமும் எழுந்தன. பழைய முனையக் கட்டடம் இடிக்கப்படாமல் நின்றது. ஹாங்காங்கின் கை தாக் நிலையம் 1998 ஜூலையில் மூடப்பட்டது. கடலுக்குள் நீண்டிருந்த அதன் ஓடுபாதையின் முனையில் 2013இல் கப்பல் பயணியர் முனையம் திறக்கப்பட்டது. 2025இல் பெரும் விளையாட்டு வளாகமும் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் டென்வர் நகரில் 1995இல் மூடப்பட்ட ஸ்டேப்பிள்டன் நிலையம் குடியிருப்புப் பகுதியாயிற்று. அங்கும் பழைய கட்டுப்பாட்டுக் கோபுரம் காக்கப்பட்டது.

இவற்றுள் பெர்லினின் டெம்பல்ஹோஃப் தனித்து நோக்கத்தக்கது. 1948, 1949ஆம் ஆண்டுகளில் முற்றுகையிடப்பட்ட மேற்குப் பெர்லின் மக்களுக்கு வான்வழியே உணவும் நிலக்கரியும் வந்திறங்கிய திடல் அது. 2008இல் மூடப்பட்டபின் அதன் ஓரங்களில் வீடுகள் கட்ட நகராட்சி எண்ணியது. 2014 மே மாதம் நடந்த பொது வாக்கெடுப்பில், திடல் திறந்தவெளியாகவே இருக்கட்டும் என்று மக்கள் முடிவு செய்தனர்.

இந்நான்கு எடுத்துக்காட்டுகளிலும் பொதுவான ஒரு பண்பு உண்டு. பழைய பயன் மறைந்தாலும் அதன் அடையாளம் ஏதோ ஒரு வடிவில் எஞ்சியிருக்கிறது. ஓரிடத்தில் முனையம், ஓரிடத்தில் கோபுரம், ஓரிடத்தில் ஓடுபாதை, ஓரிடத்தில் திடல் முழுமையும். நினைவைக் காப்பது வளர்ச்சிக்குத் தடையன்று என்பதை இவை மெய்ப்பிக்கின்றன.

பண்டார் மலேசியா

சுங்கை பீசித் திடலின் பரப்பு ஏறத்தாழ 486 ஏக்கர். அதனை வாணிகமும் குடியிருப்பும் போக்குவரத்து மையமும் அமைந்த நகர்ப்பகுதியாக்கி, ‘பண்டார் மலேசியா’ எனப் பெயரிட 2010ஆம் ஆண்டினை ஒட்டித் திட்டம் வகுக்கப்பட்டது. நிலம் 1எம்.டி.பி. நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 2015 டிசம்பர் 31ஆம் நாள் அத்திட்டத்தின் 60 விழுக்காட்டுப் பங்கை, உள்நாட்டு நிறுவனம் ஒன்றும் சீன இரயில்வேப் பொறியியல் நிறுவனமும் இணைந்த கூட்டணிக்கு 741 கோடி ரிங்கிட்டிற்கு விற்பதாக ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2017 மே மாதம் அது முறிந்தது. 2019இல் ஒப்பந்தம் மீண்டும் உயிர்பெற்று, 2021இல் இரண்டாம் முறையும் காலாவதியாயிற்று.

கோலாலம்பூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் அதிவேக இரயிலின் தலைமை நிலையமும் அத்திடலில்தான் அமைவதாக இருந்தது. 2016 டிசம்பர் 13இல் இரு நாடுகளும் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்தப் பாதையில் நெகிரி செம்பிலானுக்குரிய நிலையம் லாபுவில் அமையும் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. லாபு என்றதும் இம்மாநிலத் தமிழருக்கு நினைவில் எழுவது தோட்டம். இரயில் நிலையம் அதன் பின்னரே. 2020ஆம் ஆண்டின் முடிவோடு அவ்வொப்பந்தமும் கைவிடப்பட்டது. மலேசியா சிங்கப்பூருக்கு 10 கோடியே 28 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளி இழப்பீடு வழங்கியது. 2023இல் தனியார் முதலீட்டின் வழியே திட்டத்தைப் புதுப்பிக்கும் முயற்சி தொடங்கிற்று.

ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன, கிழிக்கப்பட்டன. ஆனால் ஒரு செயல் மட்டும் தடையின்றி நிறைவேறியது. அதுவே விமானப்படையின் இடமாற்றம்.

மாற்றிடம் அமைந்த முறை

படைத்தளம் ஒன்றை ‘நாளை முதல் வெளியேறு’ என்று சொல்லிவிட முடியாது. ஆகவே அரசு முறையான வழியைக் கைக்கொண்டது. மாற்றுத் தளங்களைக் கட்டும் பொறுப்பு ஒப்பந்த வாயிலாக முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. அவற்றுள் முதன்மையானது சிரம்பானுக்கு அருகே உள்ள செண்டாயான். பயிற்சி அமைப்புகள் உள்ளிட்ட பல பிரிவுகளுக்கு அங்கே கட்டடங்கள் எழுந்தன. படைவீரர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் வேண்டிய வசதிகள் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. இவையெல்லாம் அமைந்த பின்னரே, 2018 மார்ச் மாதத்தில் சுங்கை பீசித் தளம் மூடப்பட்டது. சுங்கை பீசியில் விமானப்படையின் காட்சியகம் ஒன்றும் இருந்தது. அதிலிருந்த பழைய விமானங்களும் தளத்தோடு இடம்பெயர்ந்தன.

இம்முறை பாராட்டத்தக்கது. மாற்றிடம் முதலில், வெளியேற்றம் பின்னர் என்ற வரிசை மீறப்படவில்லை. குடியும் பணியும் மட்டுமின்றி நினைவுப் பொருள்களும் உடன் எடுத்துச் செல்லப்பட்டன. நாட்டைக் காக்கும் படைக்கு இம்மதிப்பு உரியதே. இதே வரிசை நாட்டின் பொருளாதாரத்தைத் தாங்கிய தொழிலாளர்க்கும் உரியதாக இருந்திருக்க வேண்டும் என்பதையே தோட்டங்களின் வரலாறு எடுத்துரைக்கிறது.

நெகிரி செம்பிலான் தோட்டங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுங்கை ஊஜோங் எனப்பட்ட சிரம்பான் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் முதலில் பயிரிட்டது காப்பி. ரந்தாவ் அருகே லின்சம் தோட்டம் அக்காலத்திலேயே பெயர் பெற்றிருந்தது. 1891இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்து இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பிரேசில் நாட்டுக் காப்பி உலகச் சந்தையை நிறைத்தபோது விலை வீழ்ந்தது. தோட்டக்காரர்கள் இரப்பருக்கு மாறினர். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் மோட்டார் வண்டித் தொழில் வளர, இரப்பர் விலை ஏறியது. இலண்டனில் கம்பெனிகள் பதிவாயின. நெகிரி செம்பிலானில் காடுகள் விழுந்தன.

தோட்டங்களின் பெயர்களே ஒரு நிலப்படம் போன்றவை. லாபு, செனாவாங், சுவா பெத்தோங், தானா மேரா என்ற மலாய்ப் பெயர்கள் ஒருபுறம். கிர்பி, பிராட்வால், ஹேமில்டன் என்ற ஆங்கிலப் பெயர்கள் மற்றொருபுறம். கைரோ, ஷாங்காய் என்று தொலைதூர நகரங்களின் பெயர்களும் உண்டு. இப்பெயர்களுக்குள் வாழ்ந்தவர்கள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள்.

சஞ்சிக்கூலி முறை 1910இல் முடிவுற்றது. கங்காணி முறை அதன்பின்னும் நீடித்தது. 1938இல் உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு தடைசெய்ததும் அதுவும் நின்றது. அதற்குள் தோட்டம் ஒரு முழு உலகமாக உருப்பெற்றுவிட்டது. விடியுமுன் பெரட்டுக் களம், பின்னர் பால்வெட்டு, காண்டாவில் தொங்கும் வாளிகள், பால் நிறுக்கும் கொட்டகை, குழந்தைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோவில், கள்ளுக்கடை, வரிசையாக நிற்கும் லயங்கள். துரையின் பங்களா குன்றின்மேல், கிராணியின் வீடு சற்றுக் கீழே, தொழிலாளரின் லயம் பள்ளத்தில் என்ற அமைப்பிலேயே அந்த உலகத்தின் படிநிலை விளங்கும்.

இவ்வுலகத்தில் தமிழ்ப்பள்ளி எவ்வாறு வந்தது என்பது ஆசிரியர்களும் மாணவர்களும் அறிய வேண்டிய செய்தி. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. பல இடங்களில் அது கோவில் முன்றிலிலோ பழைய கொட்டகையிலோ நடந்தது. கிராணியோ ஓரளவு எழுத்தறிந்த தொழிலாளியோ ஆசிரியரானார். எளிய தொடக்கந்தான். எனினும், தோட்டத்தில் தொழிலாளரின் பிள்ளைகளுக்காகவே எழுந்த கட்டடம் அது என்பதை மறுப்பதற்கில்லை.

ஜப்பானிய ஆட்சியில் சயாம் மரண இரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர்; திரும்பாதவர் பலர். லயங்களில் விதவைகளும் அனாதைகளும் பெருகினர். போருக்குப் பின்னர் தொழிற்சங்கங்கள் எழுந்தன. 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, பி.பி. நாராயணன் அதனை நெடுங்காலம் வழிநடத்தினார். கூலி உயர்ந்தது, விடுப்பும் மருத்துவமும் ஒழுங்குபட்டன. ஆனால் ஒரு குறை தீரவில்லை. தொழிலாளி வாழ்ந்த வீடு வேலையோடு கட்டுண்ட வீடு. வேலை உள்ளவரை வீடு. வேலை போயின் வீடும் போயிற்று.

தோட்டங்கள் கலைந்த வரலாறு

தோட்ட உலகம் ஒரே நாளில் கலையவில்லை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் அயல்நாட்டு உரிமையாளர்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். தொழிலாளர் வேலையிழந்தனர். அதனைக் கண்ட துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்குவது அதன் நோக்கம். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம். உழைப்பவர் நிலத்துக்கு உரியவராக வேண்டும் என்ற உண்மையை அம்முயற்சி அன்றே உணர்த்திற்று.

பின்னர் இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனைக்கு நாள்தோறும் பால்வெட்டும் கைகள் வேண்டா, ஆள்தேவை குறைந்தது. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் இலண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை மலேசியா சில மணி நேரத்தில் வாங்கியது வரலாற்றுப் புகழ் பெற்றது. தோட்டங்கள் நாட்டு மக்களின் உடைமையாயின. 2007இல் சைம் டார்பி, கோல்டன் ஹோப், கத்ரி ஆகிய மூன்றும் ஒன்றிணைந்தன. உரிமை இலண்டனிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. லயத்து வீட்டின் நிலையோ மாறவில்லை.

இதற்கிடையில் நகரம் தெற்கே வரலாயிற்று. சுங்கை பீசியை ஒட்டித் தொடங்கிச் சிரம்பானை அடையும் நெடுஞ்சாலை 1970களில் அமைந்தது. 1990களில் நீலாயில் புதுநகர் எழுந்தது. கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் தொழிற்பேட்டைகளும் வந்தன. சிரம்பானுக்கருகே ‘சிரம்பான் 2’ என்னும் நகரம் தோட்ட நிலத்தில் வளர்ந்தது. சிப்பாங்கில் ஏறத்தாழ 10,000 ஹெக்டேர் பரப்பில் புதிய விமான நிலையம் திட்டமிடப்பட்டதும், எல்லைக்கு இப்பால் இருந்த நீலாயின் நில மதிப்பு உயர்ந்தது. செம்பனைத் தோட்டங்களை அகற்றி எழுந்த அவ்விமான நிலையத்தால் தெமுவான் பழங்குடியினரும் இடம்பெயர்ந்தனர். பின்னர் செண்டாயானில் விமானப்படைத் தளமும், அதனை அடுத்துப் பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்னும் நகரமும் தோன்றின. சுங்கை பீசி, சிப்பாங், செண்டாயான் என்று வானூர்தி சென்ற இடமெல்லாம் நகரம் பின்தொடர்ந்தது. நகரம் சென்ற இடமெல்லாம் தோட்டம் பின்வாங்கியது.

அண்டை வட்டாரங்களிலும் இதே போக்குத்தான். 1998 காமன்வெல்த் விளையாட்டுகளுக்காக எழுந்த தேசிய விளையாட்டரங்கம் நிற்பது புக்கிட் ஜாலில் தோட்ட நிலத்தில். நாட்டின் நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயா எழுந்த மண், 1921இல் திறக்கப்பட்ட பெராங் பெசார் தோட்டத்தின் மண். உயர்விளைச்சல் தரும் இரப்பர் வகைகளை உலகுக்குத் தந்த தோட்டம் அது. அங்கிருந்தும் அடுத்திருந்த காலோவே, மேடிங்லி, செட்ஜ்லி தோட்டங்களிலிருந்தும் வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளில் குடியேற்றப்பட்டன. அந்தச் சுவர்களில் விரிசல் கண்டது. தரைவீடு வேண்டி அவர்கள் பல்லாண்டுகள் போராட நேர்ந்தது.

இரு இடமாற்றங்களின் வேறுபாடு

விமானப்படையின் இடமாற்றத்தையும் தோட்ட மக்களின் இடமாற்றத்தையும் அருகருகே வைத்து நோக்கினால் வேறுபாடு விளங்கும்.

தோட்டம் மூடப்படும்போது தொழிலாளிக்குச் சட்டம் தருவது பணிநீக்க உதவித்தொகை. 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஓராண்டுக்கு இருபது நாள் கூலி என்னும் கணக்கு. முப்பதாண்டு பால் வெட்டியவர் பெறுவது அறுநூறு நாள் கூலி. ஓராண்டில் முந்நூறு நாள் வேலை என்று கொண்டால், முப்பதாண்டு உழைப்பிற்கு ஈராண்டுக் கூலி. வீட்டிற்கு அச்சட்டத்தில் விலையில்லை. ஏனெனில் வீடு அவருடையதன்று.

நில எடுப்புச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. அரசு நிலத்தை எடுத்தால், நிலத்தில் உரிமை உடையவருக்கு இழப்பீடு உண்டு. பட்டாவில் பெயர் உள்ளவரே உரிமையாளர். மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் பிறந்து, வாழ்ந்து, இறந்தவர்களின் பெயர் பட்டாவில் இல்லை. அவர்கள் நட்ட தென்னையும் முருங்கையும் கணக்கில் வாரா. அவர்கள் கட்டிய கோவிலும் பெரும்பாலும் கம்பெனி நிலத்திலேயே நின்றது.

எனவே வரிசை தலைகீழாயிற்று. முதலில் அறிவிப்பு, பிறகு வேலைநீக்கம், பிறகு வெளியேற்றம், அதன்பின்னரே மாற்றிடம் பற்றிய பேச்சு. அந்தப் பேச்சு முடிவதற்குள் குடும்பங்கள் சிதறின. ஒருவர் நீலாய்த் தொழிற்சாலைக்கு, ஒருவர் சிரம்பானில் வாடகை அறைக்கு, ஒருவர் காஜாங்கில் உறவினர் வீட்டுக்கு எனப் பிரிந்தனர். திருவிழாவுக்கு ஒன்றுகூடும் வழக்கம் சில ஆண்டுகள் நின்றது. கோவில் அகன்றதும் அதுவும் தளர்ந்தது. வீடு இழந்தது ஓர் இழப்பு. அண்டை வீட்டாரை இழந்தது அதனினும் பேரிழப்பு.

இவ்வாறு கூறுவதால் தோட்ட வாழ்வு பொற்காலம் என்று கொள்ளலாகாது. வறுமையும் குடியும் கல்விக் குறைவும் நிறைந்த வாழ்வு அது. தோட்டத்தை விட்டு வந்தவர்களின் பிள்ளைகளுள் மருத்துவரும் பொறியாளரும் ஆசிரியரும் உருவாயினர். நகரம் வாய்ப்புகளைத் தந்தது. தோட்டம் என்றும் நிலைக்க வேண்டும் என்பது எவருடைய கோரிக்கையும் அன்று. வெளியேறும் வாயிலில் அடுத்த வீட்டின் சாவி கையில் இருந்திருக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

பெயரைச் சுமக்கும் பள்ளிகள்

தோட்டங்கள் மறைந்தபின் அவற்றின் பெயரைச் சுமந்து நிற்பவை தமிழ்ப்பள்ளிகள். நெகிரி செம்பிலானில் அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உண்டு. லாபு தோட்டம் முதற்பிரிவு, லாபு தோட்டம் நான்காம் பிரிவு, கிர்பி தோட்டம், செனாவாங் தோட்டம், லின்சம் தோட்டம் என அவற்றின் பெயர்ப்பலகைகளைப் படித்தால், ஒரு நூற்றாண்டு வரலாறு கண்முன் நிற்கும். ‘நான்காம் பிரிவு’ என்ற சொல் ஒன்றே, அத்தோட்டம் எத்துணைப் பெரிதாக இருந்தது என்பதை உணர்த்தும். நீலாயின் தேசா செம்பாக்கா போன்ற பள்ளிகளோ குடியிருப்புப் பகுதியின் பெயரைத் தாங்கியவை. தோட்டத்திலிருந்து தாமானுக்கு மக்கள் சென்ற பாதையைப் பள்ளிப் பெயர்களே காட்டிவிடுகின்றன.

பள்ளியின் நிலைமையும் லயத்தின் நிலைமையைப் போன்றதே. கட்டடம் நின்றது கம்பெனி நிலத்தில். நிலம் அரசுக்கு உரியதன்று என்ற காரணத்தால் பல தமிழ்ப்பள்ளிகள் முழு உதவி பெறாமல் பகுதி உதவியோடு நடந்தன. தோட்டம் விற்கப்பட்டபோது பள்ளியின் கதி கேள்விக்குறியாயிற்று. அந்நெருக்கடியில் கண்டறியப்பட்ட வழி உரிமத்தை இடம்மாற்றுவது. மாணவர் குறைந்த தோட்டத்துப் பள்ளியின் உரிமம், தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய புதிய வீடமைப்புப் பகுதிக்கு மாற்றப்படும். பெயர் பழையது, இடம் புதியது. இதனை இயற்றியவர்கள் பெரும்பாலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் பள்ளி வாரியத்தினரும் தலைமையாசிரியர்களுமே. விமானப்படை தன் பழைய விமானங்களை உடன் கொண்டு சென்றதைப் போலத் தமிழர்கள் தம் பள்ளியின் பெயரை உடன் கொண்டு சென்றனர் எனலாம். படைக்கு அதனை அரசு செய்து தந்தது; தமிழர்க்கு அதனை அவர்களே செய்துகொள்ள வேண்டியிருந்தது.

லாபுவின் முன்னுள்ள காலம்

இவ்வரலாறு முடிந்துபோன ஒன்றன்று. 2018 டிசம்பரில் ‘மலேசிய விஷன் பள்ளத்தாக்கு 2.0’ என்னும் பெருந்திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களில் ஒன்றரை இலட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பை உள்ளடக்கிய அத்திட்டம் பல பத்தாண்டுகளில் படிப்படியாக நிறைவேற வேண்டியது. நீலாய், லாபு வட்டாரத் தோட்ட நிலங்கள் அதில் முக்கிய இடம் பெறுகின்றன. ‘ஹேமில்டன் நீலாய் சிட்டி’ என்று ஒரு பகுதிக்குப் பெயரிடப்பட்டுள்ளது. ஹேமில்டன் என்பது அங்கிருந்த தோட்டத்தின் பெயர். தோட்டத்தின் பெயர் நகரத்திற்குச் சூட்டப்பட்டது வரவேற்கத்தக்கதே. அப்பெயருக்குள் வாழ்ந்த மக்களுக்கும் அந்நகரத்தில் இடம் இருத்தல் வேண்டும்.

பெருந்திட்டங்கள் தடைபடுவதும் உண்டு என்பதைச் சுங்கை பீசி கற்பிக்கிறது. இருமுறை ஒப்பந்தம் முறிந்தும், இரயில் திட்டம் நின்றும், அத்திடல் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தது. ஆயினும் விமானப்படைக்கு இழப்பில்லை. அதன் மாற்றிடம் முன்னரே அமைந்துவிட்டது. தோட்ட மக்களுக்கு அத்தகைய காப்பு இல்லாதபோது, திட்டம் வென்றாலும் அவர்கள் வெளியேறுவர். தோற்றாலும் வெளியேறியே இருப்பர். மாற்றிடத்தை முதலில் அமைப்பதன் அருமை இங்கேதான் புலனாகிறது.

முடிவுரை

செண்டாயானில் கைக்கொள்ளப்பட்ட நெறி லாபுவிலும் கைக்கொள்ளப்பட வேண்டும். எஞ்சியுள்ள தோட்டங்களின் மண்ணைத் தோண்டுமுன், அங்கு வாழ்வோர்க்கும் அங்கு வாழ்ந்து ஓய்ந்தோர்க்கும் வாங்கத்தக்க விலையில் வீடுகள் எழ வேண்டும். பள்ளிக்கும் கோவிலுக்கும் இடுகாட்டிற்கும் உரிய நிலம் திட்ட வரைபடத்திலேயே அளந்து ஒதுக்கப்பட்டு, முறையாகப் பதிவு பெற வேண்டும். இவை சலுகைகள் அல்ல. ஒரு படைத்தளத்திற்கு இந்நாடு ஏற்கெனவே செய்து காட்டிய முறையே.

அக்கோரிக்கைக்குச் சான்று தேவை. சான்றுகள் தமிழ்ப்பள்ளிகளின் அலமாரிகளில் இருக்கின்றன. பழைய சேர்க்கைப் பதிவேடுகளில் குழந்தையின் பெயர், தந்தையின் பெயர், தொழில், லயம் என்று எழுதப்பட்டிருக்கும். எந்த ஆண்டில் எத்தனை குடும்பங்கள் எந்தப் பிரிவில் வாழ்ந்தன என்பதை அவை சொல்லும். பட்டாவில் இல்லாத பெயர்கள் பதிவேட்டில் உள்ளன. கறையான் அரிக்குமுன் அவற்றைப் படியெடுத்தல் ஆசிரியரின் கடமை. தம் பள்ளியின் பெயரில் உள்ள தோட்டம் எங்கே இருந்தது, எப்போது மூடப்பட்டது, அதன் மக்கள் எங்கே சென்றனர் என்று பாட்டன் பாட்டியரிடம் கேட்டு எழுதுதல் மாணவரின் கடமை. ஒரு வகுப்பு ஒரு தோட்டத்தை எடுத்துக்கொண்டாலும், சில ஆண்டுகளில் நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வரலாறு முழுமை பெறும். அடுத்த தோட்டத்தின் வாயிலில் அறிவிப்புப் பலகை நடப்படும் நாளில், அவ்வரலாறு எழுதி முடிந்த நிலையில் கையில் இருத்தல் வேண்டும்.